ஐந்து ஊரும் முப்பத்திரண்டு கணக்கும்

(மறையூரில் விவசாயிகள், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்.)



மறையூர் சர்க்கரை என்ற வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறவர் கைக்கு வரும் விலை ஏறியதா? இன்று இந்த ஒரு கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். விடை என் பையில் இல்லை. ஏறியது என்றோ ஏறவில்லை என்றோ ஒருவர் புள்ளிவிவரத்தோடு அடித்துச் சொன்னால், அவரை எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

‘ஏறித்தானே இருக்கிறது, அன்றைய விலை என்ன, இன்றைய விலை என்ன’ என்று நீங்கள் சொல்லலாம். இந்த ஆறேழு ஆண்டுகளில் ஏறாத பொருள் எது? ஆகவே மறையூர் விலையை மட்டும் பார்த்துப் பயனில்லை. 2019-இல் குறியீடு இல்லாத வெல்லம் விற்ற இடங்களையும் பார்க்க வேண்டும். பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டி இருக்கிறது, ஈரோட்டுப் பக்கம் கவுந்தப்பாடி இருக்கிறது. அங்கே ஏறிய அளவைக் கழித்துவிட்டு, மிச்சம் இங்கே எவ்வளவு கூடுதலாக ஏறியது என்று பார்ப்பதுதான் முறை. பொருளாதார அளவியலில் இதை வேறுபாட்டின் வேறுபாடு என்பார்கள். பெயர்தான் பெரிது, செய்வது இரண்டு கழித்தல்.

இனி நான் சொல்லும் எண்கள் கற்பனை எண்கள். யாரும் குறித்துக்கொண்டுபோய் சங்கத்தில் சண்டை போட வேண்டாம். மறையூரை உள்ளடக்கிய அஞ்சுநாட்டின் ஐந்து ஊர்கள்: மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி. வெளிச்சந்தை ஏற்றத்தைக் கழித்தபின், கிலோவுக்குக் கூடுதல் ஏற்றம் முறையே 6, 4, 9, 3, 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 30, சராசரி 6. ஐந்து ஊரிலும் ஏற்றம். ‘குறியீட்டால்தான்’ என்று சொல்லிவிடலாமா?

புள்ளியியல் இங்கே ஒரு முரண்டு பிடிக்கும். முதலில், குறியீட்டால் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொள் என்னும். இதுதான் இன்மைக் கருதுகோள். விளைவே இல்லாத உலகத்திலும் சில ஊரில் விலை கூடும், சில ஊரில் குறையும். அப்படி வெறும் தற்செயலால் மட்டும் சராசரி 6 ரூபாயோ அதற்கு மேலோ விலக எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்புதான் பி-மதிப்பு. 5 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் தற்செயல் என்ற சமாதானத்தைத் தள்ளிவிடுவது வழக்கம். 5 என்பது வேதவாக்கல்ல, பழகிப்போன ஒரு கோடு.

அவசரக்காரர் முதலில் ஒரு தவறு செய்வார். ஐந்து ஊரிலும் சேர்த்து 400 விற்பனைச் சீட்டு கிடைத்தால், தன் கையில் 400 சாட்சி இருப்பதாக நினைத்துக்கொள்வார். ஒரே ஊரில் ஒரே வியாபாரி எடுத்த சரக்கு, ஒரே வாரத்து மழை, ஒரே கரும்பு; அந்தச் சீட்டுகள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவைபோல் இருக்கும். அவற்றைத் தனித்தனிச் சாட்சியாக எண்ணினால், சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழை மிகச் சிறியதாகி, இல்லாத விளைவும் இருப்பதாகத் தெரியும். ஆகவே சாட்சி 400 அல்ல, 5. புள்ளியியல் பேச வருகிறவர்கள் பானைச் சோற்றில் தொடங்குவது வழக்கம். கிளறிவிட்ட பானையில் எந்தச் சோறும் பதம் சொல்லும். ஊர்களை யாரும் கிளறிவிடுவதில்லை.

சாட்சி ஐந்து என்று ஒப்புக்கொண்ட நிதானக்காரர் டி-அட்டவணையைப் புரட்டுவார். நம் எண்களுக்குத் திட்டப்பிழை சுமார் 1.14. ஆறை அதனால் வகுத்தால் 5.26. அட்டவணைப்படி பி-மதிப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. குறியீடு வென்றது, மாலை போடலாம்.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். டப்ளின் நகரத்து கின்னஸ் மதுபானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரையில் பிறந்தது அது. அவருடைய சங்கடமும் நம்முடையதேதான்: கையில் இருப்பது நாலைந்து அளவு, பெரிய கூறுகளுக்கான, அதாவது பெரிய மாதிரிகளுக்கான, சூத்திரம் செல்லாது. கணக்கைப் போட்டுச் சூத்திரத்தை எழுதியவர் அதோடு நிற்கவில்லை. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் அளந்த பழைய பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொருவர் அளவையும் ஓர் அட்டைத் துண்டில் எழுதி, 3000 அட்டையையும் நன்றாகக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டு, நான்கு நான்காகப் பிரித்தார். 750 சிறு கூறுகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் நாம் மேலே கண்டதுபோன்ற விகிதத்தைக் கண்டு, தன் சூத்திரம் சொன்னபடி அவை பரவுகின்றனவா என்று சரிபார்த்தார். உண்மை தெரிந்த ஓர் உலகத்தை நாமே செய்து, அதிலிருந்து திரும்பத் திரும்பக் கூறு எடுத்து, நம் கருவி அங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது: இன்று சிமுலேஷன், பாவனை என்கிறோமே, அது இதேதான். கணினி வருவதற்கு வெகு முன்பே அட்டைத் துண்டில் நடந்தது.

கோசெட்டின் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அளவுகள் இயல்நிலைப் பரவலிலிருந்து வந்திருக்க வேண்டும், நடுவில் குவிந்து இருபுறமும் சீராகச் சரியும் அந்த மணி வடிவம். மனிதர் உயரம் ஏறக்குறைய அப்படித்தான். வெல்ல விலையும் அப்படியா? ஐந்து எண்ணை வைத்துக்கொண்டு அதைச் சோதிக்கவும் முடியாது. நம் பி-மதிப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே போனதில் ஐந்து ஊரின் பங்கைவிட அந்த நிபந்தனையின் பங்கு அதிகம்.

நிபந்தனை இல்லாமல் செய்ய முடியாதா? முடியும் என்று 1935-இல் காட்டியவர் ஆர். ஏ. ஃபிஷர். டார்வின் மக்காச்சோளச் செடிகளைச் சோடி சோடியாக வளர்த்திருந்தார்: அயல் மகரந்தச் சேர்க்கையில் வந்தது ஒன்று, தன் மகரந்தத்தில் வந்தது ஒன்று. 15 சோடி. ஃபிஷரின் வாதம் இதுதான். மகரந்தத்தால் வித்தியாசமே இல்லையென்றால், ஒரு சோடியில் இது உயர்ந்தது, அது குட்டை என்பது தற்செயல். அந்த வித்தியாசத்தின் குறி கூட்டலாகவும் இருந்திருக்கலாம், கழித்தலாகவும் இருந்திருக்கலாம். ஆக 15 எண்களின் குறிகளையும் எல்லா வகையிலும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 32,768 வகை. அவற்றில் டார்வின் கண்ட அளவோ அதற்கு மேலோ விலகியவை 1,726. அதாவது 5.27 சதவீதம். டி-அட்டவணை அதே தரவுக்குச் சொன்னது 4.97. இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்பது ஃபிஷருக்குத் திருப்தி. ஆனால் 5 சதவீதக் கோட்டின் ஒருபுறம் இதுவும் மறுபுறம் அதுவும் நிற்பதைக் கவனியுங்கள். அந்தக் கோட்டை வேதவாக்கல்ல என்றேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதே வேலையை அஞ்சுநாட்டுக்குச் செய்வோம். இதற்குக் கணினி வேண்டாம், விரல் போதும். ஐந்து எண், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறி: 32 வகை. நம்மிடம் உள்ளது ஐந்தும் கூட்டல், மொத்தம் 30. மிகச் சிறிய எண்ணான 3-ஐ மட்டும் திருப்பினால்கூட மொத்தம் 24-க்கு இறங்கிவிடும். 30-ஐத் தொடுவது ஐந்தும் கூட்டலான வகை. எதிர்ப்பக்கம் அதே அளவு விலகுவது ஐந்தும் கழித்தலான வகை. 32-இல் 2. பி-மதிப்பு 6.25 சதவீதம்.

ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தது 6.25 ஆகிவிட்டது. இதைவிட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஏற்றம் 6, 4, 9, 3, 8 ரூபாய்க்குப் பதில் 600, 400, 900, 300, 800 ரூபாயாக இருந்தாலும் பி-மதிப்பு 6.25-தான். வெல்லம் தங்க விலைக்கு விற்றாலும் இந்தச் சோதனை 5 சதவீதக் கோட்டைத் தாண்டாது. ஐந்து ஊரால் அதற்கு மேல் சாட்சி சொல்ல முடியாது. ஆறாவதாக ஓர் ஊர் இருந்து அங்கும் ஏறியிருந்தால் 64-இல் 2, அதாவது 3.125 சதவீதம். ஊரை எண்ணி நாடு பிரித்த பழங்காலத்தவர் இன்னும் ஒன்றைச் சேர்த்திருக்கலாம்!

குறியீட்டால் விலை குறையவா போகிறது, ஏறுகிற பக்கத்தை மட்டும் பார்த்தால் 32-இல் 1 ஆயிற்றே, 3.125 ஆயிற்றே என்று மாணவர்கள் கேட்பார்கள். சரி. ஆனால் அதை விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். பார்த்தபின் பக்கம் மாறுவது கணக்கில் சேராது.

இது வெறும் வகுப்பறைக் கணக்கும் அல்ல. கேனே, ரோமானோ, ஷேக் மூவரும் 2017-இல் ‘எகனோமெட்ரிகா’ இதழில், குழுக்கள் மிகக் குறைவாக இருக்கும்போது குறிகளைத் திருப்பிப் போடும் இதே முறையைத்தான் முறைப்படி நிறுவினார்கள். அதற்கு முன் 2008-இல் கேமரன், கெல்பாக், மில்லர் மூவரும் பிரபலப்படுத்திய ‘வைல்ட் கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப்’ முறையிலும் ஒவ்வொரு ஊரின் எச்சங்களுக்கும், அதாவது கணிப்புப் போக மிஞ்சுவதற்கும், குறி மாற்றுவதுதான் வேலை. ஐந்து குழு என்றால் அதுவும் 32-இல் முட்டிக்கொள்ளும். மேத்யூ வெப் இதற்கு ஒரு வழி சொன்னார்: இரண்டு குறிக்குப் பதில் ஆறு மதிப்புகள். அப்போது 7,776 வகை. இந்த வழியைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அளவுகோலில் கோடுகள் கூடின என்பது சரி, அளக்கும் ஊர் கூடவில்லை.

பூட்ஸ்ட்ராப் என்ற பெயர் வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டின் பிராட்லி எஃப்ரான் 1979-இல் முன்வைத்த முறை. உங்களிடம் உள்ள கூறே உலகம் என்று எண்ணிக்கொண்டு, அதிலிருந்து ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்பப் போட்டு, மறுபடி எடுத்து, அதே அளவுக்கு ஒரு புதுக் கூறு செய்யுங்கள். ஆயிரம் முறை செய்தால் உங்கள் சராசரி எவ்வளவு ஆடும் என்பது தெரிந்துவிடும், சூத்திரம் வேண்டாம். இந்த எண்ணத்தின் முன்கதை நம் நாட்டில் இருக்கிறது என்பதை பீட்டர் ஹால் என்ற புள்ளியியலாளர் 2003-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். 1920-களில் பீகார், ஒரிசாவில் நெல் விளைச்சலை அறிய வயலில் தற்செயலாக இடம் தேர்ந்து அறுத்துப் பார்த்தவர் ஜே. ஏ. ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. பிறகு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கிய மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தின் சணல் பரப்பைக் கூறெடுத்து அளந்தார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் கூறு, இரண்டு தனித்தனி ஆள். இரண்டு விடைக்கும் இடையில் உள்ள தூரமே பிழையின் அளவு. ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தாலும் அந்த வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். சூத்திரத்தால் அதைச் செய்ய முடியாது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் இந்த இரட்டைக் கூறு வழக்கத்தை எடுத்துக்கொண்டது. எஃப்ரான் கணினிக்குள் செய்ததற்கு அண்ணன் முறை இது.

சரி, பூட்ஸ்ட்ராப்பை நம் ஐந்து எண்ணின் மேல் ஓட்டினால்? 6, 4, 9, 3, 8 என்பவற்றிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்தால் புதுச் சராசரிகளும் 6-ஐச் சுற்றித்தான் நிற்கும். அவற்றில் எத்தனை 6-ஐத் தாண்டின என்று கேட்டால் ஏறக்குறையப் பாதி என்று வரும். அதற்கு ஒரு பொருளும் இல்லை. சோதனைக்கு நாம் வாழ வேண்டியது விளைவே இல்லாத உலகத்தில். ஆகவே ஒவ்வொன்றிலும் 6-ஐக் கழித்து 0, -2, 3, -3, 2 என்று ஆக்கிவிட்டு, அதிலிருந்து எடுக்க வேண்டும். ஆய்வேடுகளில் அடிக்கடி தவறிப்போகும் படி இதுதான்: இன்மைக் கருதுகோளைத் தரவின்மேல் திணிக்காமலே பூட்ஸ்ட்ராப் செய்துவிட்டுப் பி-மதிப்பு எழுதுகிறார்கள். ஒழுங்காகத் திணித்தே செய்வோம். ஐந்து முறையும் 3 வந்தால்கூட சராசரி 3-தான். 6 ஒருபோதும் வராது. பி-மதிப்பு பூஜ்யம்! டி-அட்டவணை ஒரு சதவீதத்துக்குள் என்றது, குறி மாற்றம் 6.25 என்றது, பூட்ஸ்ட்ராப் பூஜ்யம் என்கிறது. சராசரியைத் திட்டப்பிழையால் வகுத்த விகிதத்துக்குச் செய்தால் பூஜ்யம் மறையும். ஆனால் சில கூறுகளில் ஐந்தும் ஒரே எண்ணாக வந்து, திட்டப்பிழை பூஜ்யமாகி, வகுக்கவே முடியாமல் நிற்கும். பூட்ஸ்ட்ராப் நல்ல கருவி. நூற்றுக்கணக்கான குழுக்கள் இருக்கும் இடத்தில் அற்புதமாக வேலை செய்யும். ஐந்தைக் கொடுத்து ஐம்பதின் வேலையைக் கேட்டால் அது பொய் சொல்லும், பணிவோடு சொல்லும்.

அதே குணம் வேறிடத்திலும் உண்டு. இங்குள்ள சந்தன ஏலத்தில் மிக உயர்ந்த விலை என்னவாக இருக்கக்கூடும் என்று பூட்ஸ்ட்ராப்பைக் கேட்காதீர்கள். மறுகூறில் 63 சதவீதம் தடவை உங்கள் பழைய உச்ச விலையே திரும்ப வந்து நிற்கும். பார்த்திராத உச்சத்தை அதற்குக் கற்பனை செய்யத் தெரியாது. மழைக் கணக்கும் அப்படியே. மழை மறைவுப் பக்கத்தில் பெய்கிற கொஞ்ச மழையும் தொடர்ச்சியாக நாலைந்து நாள் சேர்ந்துதான் வரும். நாட்களைத் தனித்தனியாகக் கலைத்துப் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அதற்குத் துண்டு துண்டாக, வாரக் கணக்கில் எடுக்கும் தொகுதி பூட்ஸ்ட்ராப் இருக்கிறது.

சந்தனம் என்றதும் இன்னொன்று. சந்தன விலையும் வெல்ல விலையும் ஆண்டுக்காண்டு ஏறும் இரண்டு வரிசைகள் என்றால், ஒன்றால் மற்றது ஏறுகிறது என்று எந்தக் கணினியும் உடனே சான்றிதழ் கொடுக்கும். கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இல் இதைப் பாவனையாகவே செய்து காட்டினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், நேற்றைய இடத்திலிருந்து தற்செயலாக அடி வைத்துப் போகும் வரிசைகளைச் சோடி சோடியாக உண்டாக்கினார்கள். 5 சதவீதம் மட்டுமே தவற வேண்டிய சோதனை ஏறக்குறைய முக்கால்வாசித் தடவை ‘தொடர்பு உண்டு’ என்றது. உண்மை தங்களுக்கே தெரிந்த உலகத்தைச் செய்ததால்தான் அந்தக் கருவியின் பொய்யைப் பிடிக்க முடிந்தது. கிரேஞ்சர் 2003-இல் நோபல் பெற்றார்.

2004-இல் பெர்ட்ராண்ட், டஃப்லோ, முல்லைநாதன் மூவரும் வேறுபாட்டின் வேறுபாட்டுக்கே இந்த வைத்தியத்தைச் செய்தார்கள். அமெரிக்க மாநிலங்களில் பெண்களின் கூலித் தரவை எடுத்து, வரவே வராத சட்டங்களைச் சில மாநிலங்களுக்குத் தற்செயலாகச் சூட்டி, விளைவு உண்டா என்று சோதித்தார்கள். இல்லாத சட்டத்துக்கு 45 சதவீதம் வரை ‘விளைவு உண்டு’ என்று வந்தது.

இந்தப் பொய்ச் சட்ட யோசனைதான் நமக்கு உதவும் என்பது என் கருத்து. ஏனென்றால் ஐந்து ஊர் என்று இவ்வளவு நேரம் எண்ணினேனே, அதுவே கொஞ்சம் தாராளம். குறியீடு ஐந்து ஊருக்கும் ஒரே நாளில், ஒரே பெயரில் வந்தது. ஐந்து ஊர்ச் சரக்கையும் வாங்கும் வியாபாரிகளும் பெரும்பாலும் பொது. கறாராகப் பார்த்தால் குறியீடு பெற்ற சாட்சி ஐந்துகூட அல்ல, அஞ்சுநாடு என்ற ஒன்றே ஒன்று. ஒன்றை வைத்து எந்தக் குறியைத் திருப்புவது?

அபாடி, டயமண்ட், ஹைன்முல்லர் மூவரும் 2010-இல் கலிஃபோர்னியாவின் புகையிலைச் சட்டத்தை ஆராய்ந்தபோது இதே நிலை. சட்டம் வந்தது ஒரு மாநிலத்தில். ஒப்பிட 38 மாநிலங்கள். அந்த 38-க்கும் ஒவ்வொன்றாகப் பொய்யாகச் சட்டம் வந்ததாக வைத்துக்கொண்டு அதே கணக்கை ஓட்டினார்கள். சட்டத்துக்குப் பிந்தைய விலகலை முந்தைய விலகலால் வகுத்த விகிதம் 39 மாநிலங்களிலும் மிகப் பெரியதாக நின்றது கலிஃபோர்னியாவில். 39-இல் 1, அதாவது 2.6 சதவீதம்.

அப்படியானால் நமக்கு எத்தனை சந்தை வேண்டும்? 1963-இல் ஜார்ஜ் பர்னார்ட் ஒரு முறையைச் சொன்னார். அதன்படி, இன்மைக் கருதுகோளின்கீழ் 19 பாவனை செய்து, உண்மைத் தரவு அந்த 19-ஐயும் மிஞ்சி நின்றால், 20-இல் 1. துல்லியமாக 5 சதவீதம். பத்தாயிரம் ஓட்டம் தேவையில்லை. (கணினியில் 1000-க்குப் பதில் 999 என்று ஏன் போடுகிறார்கள் என்று மாணவர்கள் குழம்புவதுண்டு. உண்மைத் தரவைச் சேர்த்தால் ஆயிரம், அவ்வளவுதான்.) நமக்கும் அதே கணக்கு. ஒப்பிடும் ஆண்டுகளில் குறியீடு பெறாத 19 வெல்லச் சந்தைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2019-இல் பொய்யாகக் குறியீடு சூட்டிப் பார்த்து, இருபதில் அஞ்சுநாடே முதலில் நின்றால் அப்போது பேசலாம்.

நெய்க்காரப்பட்டி ஒன்று, கவுந்தப்பாடி இரண்டு. இன்னும் பதினேழைத் தேட வேண்டும். தேடும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, 2019-க்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளுக்கு மாத விலை அங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா. ஓணம் நெருங்கும்போது தேவை கூடும் சரக்கை ஆண்டுச் சராசரியில் அமுக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, அது எந்த வெல்லம். உள்ளங்கையில் உருட்டிய உருண்டையின் விலையை அச்சு வெல்லத்தின் விலையோடு சேர்க்கக் கூடாது. மூன்றாவது உங்களுக்கே தெரிந்த புகார்: வெளியிலிருந்து வரும் வெல்லம் மறையூர் பெயரில் விற்கப்படுகிறது என்பது. அது நடந்திருந்தால், குறியீட்டின் லாபத்தில் ஒரு பங்கு நாம் ஒப்பிட வைத்திருக்கும் சந்தைக்கே போயிருக்கும். கழித்தல் கணக்கில் மறையூரின் ஏற்றம் இருந்ததைவிடச் சிறியதாகத் தெரியும். இந்தக் கோளாறை எந்த பூட்ஸ்ட்ராப்பாலும் சரிசெய்ய முடியாது. சரக்கை ஏற்றும் இடத்தில், எந்த ஆலையில் காய்ச்சியது, கிலோ என்ன விலை, தேதி என்ன என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினால்தான் முடியும். அந்த நோட்டு எத்தனை ஆலையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பேச்சு முடிந்தபின் கொஞ்ச நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். யார் முதலில் சொல்கிறீர்கள்?